உன் பக்கத்துக் கொப்பை வெட்டியது பற்றி

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி.

பாசமுள்ள தங்கச்சி மேபலுக்கு அண்ணன் கொன்ஸ்ரன்ரைன் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் கிருபையால் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சுகம். அந்தப் பக்கத்துச் சுகத்தை உன் பிரஷர் குக்கர் கூவுவதை வைத்து நாள்தோறும் அறிந்து மகிழ்கிறேன். ஏழு வருஷமாக ஒரு சொல் கதைக்காதவன் திடீரென்று கடிதம் எழுதுகிறானே என்று நீ பயப்பட வேண்டாம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது நமக்கிடையே நிற்கும் மாமரம் பற்றிய அறிக்கை மட்டுமே. அண்ணன் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார் என்று மச்சானிடம் போய்ச் சொல்லிவிடாதே.

அப்பா காணியை இரண்டாகப் பிரித்தபோது மரம் என் பக்கம் வந்தது, கொப்பெல்லாம் உன் பக்கம் போனது. இலை விழுந்து உன் வீட்டுக் கூரைப் பீலி அடைக்கிறது, தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது, சுகாதாரப் பரிசோதகர் வந்து நோட்டீஸ் தந்துவிட்டுப் போகிறார், கொப்பை வெட்டு என்று நீ கேட்டாய். "அப்பா வைச்ச மரத்தில கத்தி வைக்க ஏலாது" என்றேன் நான். நீ றோட்டில் நின்று, ஆட்கள் பார்க்க, "அப்பா உன்னைப் பெத்ததுக்கு இன்னொரு மாமரம் வைச்சிருக்கலாம்" என்றாய். அன்றோடு நம் பேச்சு நின்றது. அது பழைய கதை, விடு.

போன மாதம் உன் மகள், என் மருமகள் றஷ்மிக்கு டெங்கு என்று பாண் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் செவ்விளநீரோடு வோட் வாசல்வரை வந்தேன். உள்ளே உன் குரல் கேட்டதும் திரும்பிவிட்டேன், இளநீரை நானே குடித்தேன். பிள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை மேபல். அந்த நுளம்பு என் மரத்து இலையால்தான் வந்தது என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது. அதுக்காக எனக்கு நித்திரை வருமா, சொல்லு?

ஆகவே இன்று காலை முகத்துவாரத்திலிருந்து மரம் வெட்டுகிற இரத்தினசிங்கத்தைக் கூப்பிட்டேன். மனுஷன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "ஐயா, உச்சியை மொட்டையா இறக்கி விடுறன், பத்து வருஷத்துக்குக் கரைச்சல் இல்ல" என்றார். எனக்கு வந்த கோபம்! மொட்டையடித்தால் மரம் பதறிப்போய்க் கண்டபடி தளிர்க்கும், அந்தத் தளிரெல்லாம் பிடிமானம் இல்லாமல் வளர்ந்து ஒரு நாள் காற்றுக்கு உன் கூரையில்தான் வந்து இறங்கும். காய் முடிந்த பிறகு, வேண்டாத கொப்பை மட்டும், அதுவும் மரத்தில் காற்பங்குக்கு மேல் போகாமல் எடுக்க வேண்டும். இதை நான் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்த, "அப்ப ஐயாவே ஏறுங்கோ" என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏறினேன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கப்பல் சாமான் இறக்குவதை மேற்பார்வை பார்த்தவனுக்கு ஒரு மாங்கொப்பு இறக்குவது பெரிய வேலையா?

முதல் கொப்பில் முசுறு எறும்புக் கூடு இருந்தது. அது என் பிழையல்ல, எந்த நல்ல மாமரத்திலும் இருக்கும். சாரம் உடுத்தபடி ஏறியதுதான் கொஞ்சம் யோசிக்காமல் செய்த வேலை. பதினொரு மணிக்கு உனக்குக் கேட்டது பாட்டு அல்ல. இரண்டாவது கொப்பு போகும்போது எங்கள் வைஃபை வயரையும் கூட்டிக்கொண்டு போனது. றேணுகா கொச்சிக்கடைக் கோயிலுக்கு நொவேனாவுக்குப் போயிருக்கிறாள். அவள் வந்து நாடகம் பார்க்க இருக்கும்போது அதற்கு ஒரு பதில் யோசித்துக்கொள்ளலாம். மனைவிக்குப் பயந்தால் மரம் வெட்ட முடியாது.

மூன்றாவது, உன் பீலிக்கு மேலே படுத்திருந்த பெரிய கொப்பு. எல்லோரும் பிழைவிடுவது இதில்தான். மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால் பாதியில் முறிந்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் கீழிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு ஒரு சாண் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். மிஞ்சிய கட்டையைக் கடைசியில், தண்டோடு ஒட்டியிருக்கும் தடிப்பைத் தொடாமல் எடுக்க வேண்டும். அப்படியே செய்தேன். கயிறு கட்டி இழுத்ததில் கொப்பு நான் குறித்த இடத்திலேயே, என் முற்றத்தில், வந்து விழுந்தது. பட்டையில் ஒரு கீறல் இல்லை. இரத்தினசிங்கம் நிண்டு பாத்திருக்க வேணும்! எழுபது வயதில் தனி ஆளாகச் செய்தேன். ஒருவரின் உதவியும் எனக்குத் தேவைப்படவில்லை, இனியும் தேவையில்லை. நீ நன்றி சொல்லவும் வேண்டாம், கதைக்கவும் வேண்டாம். பீலியை மட்டும் ஒருக்காத் துப்புரவாக்கிப்போடு.

உன் கூரைக்கும் பிள்ளையின் உடம்புக்கும் அந்தோனியார் காவல் நிற்கட்டும். மச்சானுக்கு என் தோத்திரம். றஷ்மிக்கு மாமாவின் ஆசீர்.

இப்படிக்கு,
எவர் தயவும் வேண்டாத உன் அண்ணன்,
கொன்ஸ்ரன்ரைன்.

பி.கு.: அந்தப் பெரிய கொப்பு விழேக்க ஏணியின்ர அடியைத் தட்டிப்போட்டுது. ஏணி சுவருக்கு மேலால கவிண்டு உன்ர பக்கம், உடுப்புக் கொடியையும் அறுத்துக்கொண்டு கிடக்கு. நான் இன்னும் மரத்திலதான் இருக்கிறன், மூண்டு மணித்தியாலமா. போன் கீழ சார்ஜில. எந்தக் கொப்பு வெட்டுறதெண்டு குறிக்கக் கொண்டுவந்த கொப்பியிலதான் இதை எழுதிறன். கூப்பிட்டா உனக்குக் கேக்கும், தெரியும். ஆனா ஏழு வருஷம் கதைக்காதவன் முதல் சொல்லா "ஏணி" எண்டு எப்பிடியடி கூப்பிடுறது? மன்னிச்சுக்கொள் மேபல். நீ அண்டைக்குக் கேக்கேக்கயே வெட்டியிருக்க வேணும். இதை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள வைச்சு உன்ர முற்றத்துக்கு எறியிறன், கெதியா வா.

இன்னொண்டு. கொப்பு போனதால நீ சமைக்கிற குசினி யன்னல் இப்ப இங்கயிருந்து வடிவாத் தெரியுது. எவ்வளவு நேரமா அதில நிண்டு சிரிக்கிறாய்?