ஜன்னல் சாத்துகிறவர்

மனிதர்களில் ஜன்னலைத் திறக்கப் பிறந்தவர்கள், சாத்தப் பிறந்தவர்கள் என்று இரண்டு ரகம் உண்டு. எங்கள் லெஸ்கோவாட்ஸ் பக்கம் முதல் ரகம் அபூர்வம். இரண்டாவது ரகத்தைப் பார்க்க நீங்கள் அலையவே வேண்டாம், ஜூலை மாதத்தில் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறினால் போதும். வெளியே நாற்பத்தோரு டிகிரி, உள்ளே ஐம்பது பேர், ஓட்டுநரின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. யாரோ ஒரு புண்ணியவதி தாங்கமாட்டாமல் ஜன்னலை நாலு விரல் அகலம் திறக்கிறாள். உடனே பின்சீட்டிலிருந்து கம்பளிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து, எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு வந்து, அதைச் சாத்திவிட்டுப் போகிறார். ஏன் சாத்தினார் என்று எவரும் கேட்பதில்லை. குறுக்குக் காற்று என்று எல்லாருக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதா? இத்தனை நாள் எப்படித்தான் உயிரோடு இருந்தீர்களோ. எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் ஓடுகிறதே, அதுதான். கழுத்துப் பிடிப்பு, காதுக் குடைச்சல், பல்வலி, சிறுநீரகக் கோளாறு, வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போவது, எல்லாம் அதன் கைங்கரியம்.

என் அடுத்த வீட்டு வுகாஷின் இந்த இனத்துக்கே தலைவர். மூன்று பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் குடைமிளகாய் பயிரிடுகிறார். காலை எட்டு மணிக்கு உலகமே அழிந்தாலும் அவர் போய்க் கூடாரத்தின் பக்கத் திரைகளைச் சுருட்டிவிடாமல் இருக்கமாட்டார். அரை மணி தாமதித்தால் செடி வெந்துவிடும், வெயிலை உள்ளே விடுகிற பிளாஸ்டிக் சூட்டை வெளியே விடாது என்று அவரே விளக்குவார். விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்து எல்லா ஜன்னலையும் சாத்திக்கொள்வார்.

அவருடைய மாப்பிள்ளை ஒக்னென், நீஷ் நகரத்து வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவன். கரியும் பெட்ரோலும் எரித்து நாம் மேலே அனுப்புகிற கரியமில வாயு, உங்கள் பிளாஸ்டிக் மாதிரிதான் பூமியின் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்று ஒருமுறை பொறுமையாகச் சொன்னான். வுகாஷின் பொறுமையாகக் கேட்டார். பிறகு, எண்பத்தேழாம் வருஷம் இதைவிட வெயில், தார் உருகித் தன் செருப்பு ரோட்டோடு போய்விட்டது என்றார். பிளாஸ்டிக் சங்கதி என்னாயிற்று என்று அவன் கேட்டதற்கு இரண்டே சொல்லில் பதில் வந்தது: "அது வேற."

இந்த இனத்தின் குலமந்திரம் அதுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் இரண்டு, இடிக்கும் மின்னலுக்கும் பொறுப்பான புனித எலியாவின் நாள். வுகாஷினின் குடும்பப் புனிதர் அவரே. எங்கள் ஊரில் குடும்பப் புனிதர் நாளன்று வீட்டில் வைக்கிற விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை, அவரவரே வந்துவிடுவார்கள். இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். அடுக்களையில் விடியற்காலையிலிருந்து பன்றி வெந்துகொண்டிருந்தது. மேசை நடுவே ரொட்டி, இனிப்புக் கோதுமை, ஒரு முழத்துக்கு மேல் உயரமான தேன்மெழுகுத் திரி. அதை விருந்தின் முடிவில் வீட்டுக்காரர்தான் மதுவைத் தொட்டு அணைக்க வேண்டும். தானாக அணைந்தால் குடும்பத்துக்கு ஆகாது. அந்த வருஷமோ மகள் நெவேனா ஆறு வருஷம் காத்திருந்து ஏழு மாத வயிற்றோடு வந்திருக்கிறாள். வுகாஷின் ஜன்னலைத் திறப்பாரா? சாவித் துவாரத்தில்கூடப் பஞ்சை அடைத்திருந்தார்.

சூப் வந்தது. ஆவியும் வந்தது. பாதிரியார் சீக்கிரமே ஆசீர்வதித்துவிட்டு அவசர வேலை என்று ஓடினார். நெவேனாவின் உதடு வெளுத்திருந்தது.

"மூச்சு முட்டுதுப்பா. கொஞ்சம் திறயேன்."

"உனக்காகத்தாம்மா சாத்தியிருக்கேன்."

அதில் பொய் இல்லை. அந்த மனிதர் பேரக்குழந்தைக்காக அந்தச் சுடரை இமை கொட்டாமல் காத்துக்கொண்டிருந்தார்.

ஒக்னென் கரண்டியைக் கீழே வைத்தான். "மாமா, காலையில மிளகாய்க்கு ஏன் திரையைச் சுருட்டிவிட்டீங்க?"

"இல்லன்னா வெந்துடுமே."

"இங்க இருபத்திரண்டு பேர் வேகறோம்."

"அது வேற."

அப்போதுதான் மெழுகுத் திரி நடுவில் மெதுவாக வளைந்தது. யாரும் தொடவில்லை. சூட்டில் இளகி, விருந்தாளிக்குத் தலை வணங்குவதுபோல் கோதுமைக் கிண்ணத்தின் பக்கம் குனிந்துகொண்டே போயிற்று. காற்றுப் பட்டால் அணையும், படாவிட்டால் கோதுமைக்குள் முங்கி அணையும். வுகாஷின் வாயைத் திறந்தபடி நின்றார்.

அவர் மனைவி தேசாங்கா எழுந்தாள். தெருப்பக்க ஜன்னலைத் திறந்தாள். தோட்டத்துப் பக்கத்தையும் திறந்தாள்.

"மிளகாய்க்குக் காட்டுற கரிசனத்தை என் பொண்ணுக்கும் காட்டு, வுகாஷின்," என்றாள்.

காற்று வந்தது. இருபத்திரண்டு கழுத்துகளும் தானாகக் காலருக்குள் ஒடுங்கின, என்னுடையதும் சேர்த்துத்தான். வுகாஷின் ஒரே தாவலில் மேசையருகே போய், ஒரு கையால் திரியை நிமிர்த்திப் பிடித்து, மறு கையையும் தன் பெரிய தொப்பையையும் சுடருக்கு அரணாக்கி நின்றார். பிறந்தது முதல் தப்பித்து வந்த குறுக்குக் காற்றின் நட்டநடுவில், வியர்த்த முதுகோடு, முக்கால் மணி நேரம். சுடர் ஆடியது, அணையவில்லை. நெவேனாவின் உதட்டில் நிறம் திரும்பியது. அந்த மனிதரை நான் அன்றுபோல் என்றும் நேசித்ததில்லை.

மறுநாள் காலை கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிக்கொண்டு வேலியோரம் வந்தார். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டேன். இன்னும் இல்லை, வந்துவிடும் என்றார். இப்போதெல்லாம் மெழுகே சரியில்லையாம், அந்தக் காலத்துத் திரி இப்படியா வளைந்தது என்றார். வெயிலைப் பற்றி நான் வாயெடுத்தேன். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், குறுக்குக் காற்றுக்குப் பயப்படுகிற பட்டிக்காட்டு மனிதர் இல்லையே நீங்கள். உங்கள் அறை ஜன்னல் இப்போது சாத்தியிருப்பது ஏ.சி. குளிர் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக மட்டும்தான். அந்தப் பெட்டியின் மறுபாதி சுவருக்கு வெளியே தெருவில் போகிறவர் முகத்தில் சூட்டை ஊதிக்கொண்டிருக்கிறதே, அதற்கான மின்சாரத்துக்கு எங்கேயோ கரி எரிகிறதே என்று நான் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அது வேற. அப்படித்தானே?