பின்னால் போகாத அண்ணாச்சி

இந்தியாவிலேயே ரிவர்ஸ் கியர் தேயாத ஒரே லாரி எங்கள் அண்ணாச்சி ஓட்டிய லாரிதான். நாசிக்கிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு வெங்காயம் ஏற்றி வருகிற வண்டி. அவர் முதல் டிரைவர், நான் இரண்டாவது. எல்லோருக்கும் அவர் ‘நேரே அண்ணாச்சி’. நிஜப் பெயர் அவர் லைசென்சுக்கு மட்டும்தான் தெரியும்.

கிளம்பும்போது திருவனந்தபுரம் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது எங்கள் டிரைவர்கள் வழக்கம். அண்ணாச்சி அதோடு சொந்தமாக ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டார். தேங்காய் உடைத்த பிறகு, திரும்பி வந்து சரக்கு இறக்கும்வரை வண்டி ஓரடிகூடப் பின்னால் போகக் கூடாது!

“பிள்ளையாரு வழியத் தெறந்து விட்டிருக்காரு. பொறவு நாம பின்னால போனா அவரு என்ன மக்கா நெனப்பாரு?” என்பார்.

ஒருமுறை ஹூப்ளி பக்கம் டீக்கடையைப் பத்தடி தாண்டிவிட்டோம். பதினாலு கிலோமீட்டர் போய், திரும்பி வந்து டீ குடித்தோம். நாசிக் மண்டியில் அவருக்காகவே பின் மதிலை இடித்து ஒரு கேட் வைத்தார்கள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தும்கூரில் வழி தவறி ஒரு கல்யாணப் பந்தலுக்குள் மூக்கை நுழைத்தோம். அண்ணாச்சி பதறவில்லை. இறங்கி, முதல் பந்தியில் சாப்பிட்டு, பந்தலைப் பிரிக்கும்வரை தூங்கி, அது இருந்த இடத்தின் வழியாகவே நேராகப் போனார். பெண்ணின் அப்பா கையசைத்து வழியனுப்பினார்.

நான் எதிலும் வாய் திறக்கிறவன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வருவேன், அவ்வளவுதான்.

அப்படி ஒரு தடவை நாகர்கோவில் தாண்டி வந்துகொண்டிருந்தோம். காலை பத்து மணி. என் மனைவி போன் செய்தாள். நிறைமாதம். பக்கத்து வீட்டு அக்காதான் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். அவளுக்கு வேறு ஆள் கிடையாது.

“எங்க நிக்கிதிய? இன்னைக்கே ஆயிரும்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. எனக்குப் பேடியா இருக்கு, ஒத்தையில பயந்து கெடக்கேன். வந்துருங்க.”

அண்ணாச்சி ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் வெங்காய மூட்டைகள் எழுந்து உட்கார்ந்தன. நெய்யாற்றின்கரை வரை பறந்தோம். அங்கே பணிமுடக்கு என்ற வேலைநிறுத்தம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ரோடு முழுக்க ஊர்வலம். நான் போனில் மேப்பைப் பார்த்து ஒரு சந்தைக் காட்டினேன். அதற்குள் முந்நூறு அடி போனபின் ஒரு சிமெண்டு வளைவு வந்தது. எங்கள் மூட்டைகளைவிட அது ஒரு முழம் தாழ்வு.

ஒரு வீட்டு வாசலிலிருந்து சேச்சி ஒருத்தி வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி மலையாளத்தில் கத்தினாள்: “சேட்டா, அங்ஙோட்டு போவில்லா! பொறகோட்டு எடுக்கூ!”

“அந்த வார்த்தைய என் வண்டி முன்னால சொல்லாதீங்க!” என்று அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார்.

போன் மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? அண்ணாச்சி வளைவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று கதவைத் திறந்து குதித்தார்.

“லேய், இனி நீதான் டிரைவரு. நான் சும்மா ரோட்டுல போற ஆளு. சேச்சி, ஒரு கண்ணாடி தருவீங்களா?”

முகம் பார்க்கிற கண்ணாடியோடு லாரிக்குப் பின்னால் போனார். லாரிக்கு முதுகைக் காட்டி, மெயின்ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

“நான் நேராத்தாம்ல போறேன்! எனக்குப் பொறத்தால எது வந்தாலும் எனக்குத் தெரியாது!”

தெரியாதாம்! கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஊரே கேட்கக் கத்தினார். “வரட்டும், வரட்டும்! ரைட்டு ஒடி மக்கா, தென்ன நிக்கி! லேய், மதிலு! ஆ, அப்படித்தான், வா வா வா!”

முந்நூறு அடியும் அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மெயின்ரோட்டை அடைவதற்குள் ஊர்வலம் கடந்திருந்தது. கண்ணாடியைச் சேச்சியிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு ஓடிவந்து ஏறினார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியின் கையைப் பிடித்த இருபதாவது நிமிடம் மகள் பிறந்தாள். வராந்தாவில் அண்ணாச்சி அவளை வாங்கிக்கொண்டார். அத்தனை தொண்டை உள்ள மனிதர், கழுத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரிடம் நேரில் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் எழவில்லை. அண்ணாச்சி பத்திரிகை படிக்கிறவர் இல்லை. அந்தத் தைரியத்தில் இங்கே சொல்லிவிடுகிறேன்: அண்ணாச்சி, உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.