பேட்டரியைச் சூரியன் என்று நம்பிய பெட்டி

மரியாதைக்குரிய வெண்டல் மாமாவுக்கு,

மேசா என்கிற இந்த மொட்டை மேட்டிலிருந்து ஜூனிபர் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு ஆடுகள், ஒரு பூனை எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்காலும், கோனி அத்தையும், அத்தையின் கிளியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் "ஹலோ" என்றதும் எனக்குப் பேச வருவதில்லை. போன தடவை நான் மூச்சு விட்ட சத்தத்தை மட்டும் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு, போலீசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினீர்கள். அது நான்தான். மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். உங்கள் வீட்டுக் கீழறை காலியா என்று அம்மா இந்த வாரம் உங்களைக் கேட்பாள். தயவுசெய்து இல்லை என்று சொல்லுங்கள். டிரம்ஸ் வாசிக்கிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று என்றால் அம்மா மேற்கொண்டு கேட்க மாட்டாள். காலி என்று சொன்னால் நாங்கள் உங்கள் ஊர் பியூப்ளோவுக்குக் குடிவந்துவிடுவோம், என்னை மறுபடி பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்ல வாய் வராததால், பதினோரு நாள் நான் வரவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மாமா.

குடிவருகிற பேச்சு எப்படி வந்தது என்று சொல்கிறேன். இங்கே கரண்ட் கம்பி வராததால் எல்லோருக்கும் சோலார் பேனலும் பேட்டரியும்தான், எங்களிடம் இரண்டு பேட்டரித் தொகுதிகள். வீட்டுக்கு நாற்பத்தெட்டு வோல்ட்டில் பெரியது ஒன்று, கிணற்றுப் பம்புக்குப் பன்னிரண்டு வோல்ட்டில் சின்னது ஒன்று. போன மாதம் அடித்த காற்றில் பம்புக் கொட்டகையின் பேனல் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஆர்வில் பச்சேக்கோவின் கோழிக்கூண்டு மேல் விழுந்தது. கோழிகளுக்கு ஒன்றும் இல்லை. பேனல்தான் செத்துப்போனது. சின்ன பேட்டரி காலியாகி, குழாயில் காற்று மட்டும் வந்தபோதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. பேனலில் இருந்து வருகிற கரண்டை பேட்டரிக்கு அளவாக ஊட்ட ஒரு பெட்டி இருக்கிறதே, சார்ஜ் கண்ட்ரோலர், அதில் பேனல் வயர் போக வேண்டிய இடத்தில் வீட்டு பேட்டரியின் வயரைச் சொருகிவிட்டார்.

"அதுக்கு என்ன தெரியும் ஜூனி? வோல்ட்டு வந்தா அது சூரியன். அவ்வளவுதான் அதோட அறிவு" என்றார்.

நியாயமாகச் சொன்னால் அது வேலை செய்தது. பெரியதில் இருந்து சின்னதுக்குச் சமர்த்தாக ஏறியது, தண்ணீர் வந்தது, அம்மா தலைக்குக் குளித்தாள். ஆபத்து அதன் பிறகுதான். இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை, "நேத்து எவ்வளவு புடிச்ச?" என்றுதான் கேட்பார்கள். கண்ட்ரோலரின் திரையில் அன்றைய அறுவடை இத்தனை யூனிட் என்று காட்டும், அதுதான் இங்கே மனிதனுக்கு மதிப்பு. அப்பா எப்போதும் கடைசி. இப்போது வீட்டு பேட்டரியையே சூரியன் என்று நம்பிக்கொண்ட பெட்டி, விடியற்காலை ஆறு மணிக்கும் திரையில் குட்டிச் சூரியனைக் காட்டியது. வெளியே மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது, ஆட்டுக் கொட்டில்கூடத் தெரியவில்லை, அப்பா திரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு வெயில் கொளுத்துது" என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி வைக்கிறார்.

புதன்கிழமை வீட்டு பேட்டரி தீர்ந்து விளக்கு அணைந்தது.

"ரஸ்ஸல், ஒண்ணு" என்றாள் அம்மா. "மூணு ஆச்சுன்னா நானும் ஜூனியும் எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பறோம். நீ உன் வெயில்ல குளிர் காய்ஞ்சுக்கோ."

இதற்குப் பிறகாவது மனிதர் வயரைப் பிடுங்கியிருக்க வேண்டாமா? அப்பா கொட்டகையைக் குடைந்து, பழைய கோல்ஃப் வண்டியில் இருந்து கழற்றிய இன்னொரு கண்ட்ரோலரை எடுத்துவந்தார். அது குறைந்த வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் வகை. அதைக்கொண்டு சின்ன பேட்டரியில் இருந்து பெரிய பேட்டரிக்கு ஒரு வழி போட்டார். ஆக, பெரியது சின்னதுக்கு ஊட்டும், சின்னது பெரியதுக்கு ஊட்டும். இரண்டு திரையிலும் இரண்டு சூரியன். அப்பா இரண்டையும் கூட்டி எழுதினார், பதினாலு யூனிட்.

எனக்கு அதற்கான விளக்கப் புத்தகம் மனப்பாடம். ஆனாலும் உடனே பிடிபடவில்லை. எங்கள் பூனை அடுப்படியை விட்டுவிட்டு அந்தப் பெட்டி மேல் ஏறிப் படுத்ததும்தான் புரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கரண்ட் கொஞ்சம் சூடாகிப் பூனையின் வயிற்றுக்குப் போகிறது, மிச்சம்தான் அடுத்த பேட்டரிக்கு. வெள்ளிக்கிழமை மறுபடி இருட்டு. அம்மா, "ரெண்டு" என்றாள். ஜெனரேட்டரில் இருந்த கடைசி பெட்ரோலை எரித்து ஒப்பேற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கம்பக்கத்தாருக்குச் சாப்பாடு போட எங்கள் முறை. பச்சை மிளகாய்க் குழம்பு, பின்டோ பீன்ஸ், ஒன்பது பேர். பதினாலு யூனிட் செய்தி பரவி, ஐந்து பேர் இங்கே சார்ஜ் ஏற்றிக்கொள்ளத் தங்கள் பேட்டரியையும் லாரியில் தூக்கி வந்திருந்தார்கள்.

"எனக்கு நாலுதான் ஏறுது" என்றார் ஆர்வில். "உனக்கு மட்டும் என்னடா பதினாலு? தனியா சூரியன் வளக்கறியா?"

"ரெண்டு வளக்கறேன். நீ அந்தக் கோழிகளோடயே இரு" என்றார் அப்பா.

ஒன்பது பேர் முன்னால் என்னால் பேச முடியுமா? ஒரு துண்டுச் சீட்டு எழுதி அப்பா கையில் திணித்தேன். அப்பா அதைப் பார்க்காமலே தட்டுக்கு அடியில் வைத்தார். ஆர்வில் உருவி எடுத்து உரக்கப் படித்தார். "அப்பா, இது ரெண்டும் ஒண்ணையொண்ணு குடிக்குது. வியாழக்கிழமையில இருந்து நிஜமாவே வெயில். வீட்டுப் பேனல் மேல ஒரு அடி பனி."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். சும்மா நிற்பானேன் என்று துடைப்பத்தை எடுத்துப் பேனலில் இருந்து பனியைத் தள்ளினேன். பாதி தள்ளும்போது உள்ளே விளக்கும், பாத்திரம் கழுவ வந்த தண்ணீரும், கரண்ட் அடுப்பில் இருந்த குழம்புப் பானையும் ஒன்றாக நின்றன. ஒன்பது பேரும் வெளியே வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவு வெயில். அத்தனை பேரும் அந்த வெயிலில்தான், கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டி ஓட்டி வந்தார்கள், மாமா. திரையில் எண் ஏறிக்கொண்டிருந்ததால் நான்கு நாளாக, அன்று நான் பார்க்கும்வரை, எங்கள் வீட்டில் ஒருவரும் பேனலை அண்ணாந்து பார்க்கவில்லை.

"மூணு" என்றாள் அம்மா, கையில் சோப்பு நுரையோடு.

அன்று மாலைக்குள் இரண்டு வயரையும் நான் பிடுங்கிவிட்டேன். அடுத்த மூன்று நாளில் வீட்டு பேட்டரி நிரம்பிவிட்டது. அதன் பிறகு ஒரு வயரை மட்டும், அதுவும் நல்ல வெயில் நேரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் போடுகிறேன். பம்பும் ஓடுகிறது. ஆனால் அம்மா மூன்று என்றால் மூன்றுதான். அதனால்தான் கேட்கிறேன், கீழறை இல்லை என்று ஒரு வார்த்தை. பொய் சொன்ன பாவம் எனக்கே சேரட்டும்.

அத்தைக்கு என் வணக்கம். கிளிக்கு அன்பு. உங்கள் முழங்காலுக்குச் சீக்கிரம் நல்லது நடக்கட்டும்.

என்றும் உங்கள் பேச்சை மதிக்கும் மருமகள்,
ஜூனிபர்

பின்குறிப்பு: பனி உருகிப் பாதை சேறானதால் கடிதம் ஒரு வாரமாக என்னிடமே கிடக்கிறது. இதற்குள் எல்லாம் மாறிவிட்டது. ஆர்வில் வந்து, "எங்க அந்தச் சீட்டு எழுதின பொண்ணு?" என்று கேட்டு, என்னைத் தன் பேட்டரியைப் பார்க்கக் கூட்டிப்போனார். மறுநாள் மூன்று வீடு. நேற்று ஐந்து. போகிற வீட்டில் எல்லாம் காபி கொடுத்து உட்காரவைத்து, கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லும்வரை என் முகத்தையே பார்க்கிறார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இனி மேசாவை விட்டு ஓர் அடி நகர மாட்டாளாம். வருகிற சனிக்கிழமை தீயணைப்புக் கொட்டகையில் நாற்பது நாற்காலி போட்டு, நான் முன்னால் நின்று ஒரு மணி நேரம் பேசுவதாக அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். மாமா, கீழறை எனக்கு வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள், அங்கே என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வண்டியோடு வந்துவிடுங்கள். ஹாரன் அடிக்க வேண்டாம், வாசலிலேயே நிற்பேன்.