நீக்கிலாசின் வீழ்ச்சி பற்றிய விசாரணை

எங்கள் நகரத்து பேஸ்போல் அணி அடுத்தடுத்து இரண்டு வருடங்கள் வெற்றிவாகை சூடிய பின்னர், ரொறன்ரோவில் ஊர்ச்சங்கம் வைத்திருந்த தமிழர் யாவரும் தமக்கும் ஓர் அணி இன்றியமையாதது என உணர்ந்தனர். அவ்வணியின் நீலக் குருவி பொறித்த தொப்பி கலியாண வீடுகளில் காணப்பட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீடுகளிலும் காணப்பட்டது. கனடா நாவற்கரை மக்கள் ஒன்றியம் இவ்விடயத்தில் பின்தங்க விரும்பவில்லை. ஒன்றியத்தின் சட்டதிட்டமான யாப்பிலே கலை, கல்வி, ஈமக்கிரியை உதவி என்றிருந்த நோக்கங்களுடன் பேஸ்போலும் ஏகமனதாகச் சேர்க்கப்பட்டது.

பந்தெறியும் பொறுப்பு நீக்கிலாசுக்கு வழங்கப்பட்டது. அவர் ஊரில் கல்லூரி கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து வீசியவர். இங்கே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி தூக்குபவர். முதலாவது கோடையில் அவர் எறிந்த பந்தை எதிரணியினர் கண்ணால் கண்டதாகவே சொல்லவில்லை. இரண்டாவது கோடையில் நன்றாகக் கண்டார்கள். கண்டதோடு நில்லாமல் வேலிக்கு அப்பாலும் அனுப்பினார்கள்.

இத்தகைய நிலையில் சாதாரண மனிதர்கள் எறிபவரிடமே காரணத்தைக் கேட்டிருப்பார்கள். நிர்வாகம் அறிந்தவர்கள் அவ்வாறு செய்வதில்லை. ஒன்றியத் தலைவர் சச்சிதானந்தன் ஊரில் கச்சேரி எனும் அரச அலுவலகத்தில் பிரதம இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். நீக்கிலாஸ் உண்மையாகவே வீழ்ச்சியடைந்துள்ளாரா என்பதைக் கண்டறிய, தம்மையே தலைவராகவும் செயலாளர் குலசிங்கத்தைச் செயலாளராகவும் கொண்ட ஒரு விசாரணைக் குழுவை அவர் நியமித்தார். முதலாவது அமர்வு தலைவர் வீட்டு பேஸ்மென்றில் நடைபெற்றது.

"தம்பி நீக்கிலாஸ், நீர் வீழ்ச்சியடைஞ்சிருக்கிறீரோ எண்டு இந்தக் குழு ஆராயுது," என்று தலைவர் தொடங்கினார்.

"ஆராயத் தேவையில்லை அண்ணை. எனக்குத் தோள்மூட்டு நோகுது. வேறை ஆரையும் எறிய விடுங்கோ."

"உம்மடை தோளைப் பற்றி நீர் சாட்சி சொல்லேலாது. நீர் சம்பந்தப்பட்ட ஆள்."

"அப்ப ஆர் சொல்லுறது?"

"அதைத்தான் குழு ஆராயப்போகுது."

"சரி அண்ணை, நான் விலகிறன். பிரச்சினை முடிஞ்சுது."

குலசிங்கம் யாப்பைப் புரட்டினார். "விலகலைப் பொதுக்கூட்டந்தான் ஏற்கலாம். பொதுக்கூட்டம் மார்கழியிலை."

"மார்கழியிலை முழங்கால் மட்டும் சினோ கொட்டிக் கிடக்கும். அப்ப ஆர் பேஸ்போல் விளையாடுறது?"

"பாத்தீரே, உமக்கு ஓய்வும் கிடைக்குது!" என்றார் தலைவர்.

குழுவின் நிதானத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. தலைவர் பதவி தொடர்பாக எழுந்த ஒரு சிறு கருத்து வேறுபாட்டினால் ஒன்றியத்தில் பாதிப்பேர் பிரிந்து, மிசிசாகாவில் தனி நாவற்கரை ஒன்றியம் கண்டிருந்தார்கள். ஆவணிக் கடைசியில் அவர்களுடன் போட்டி. "நீக்கிலாஸ் முடிஞ்சான் எண்டு நாங்களே சொன்னால், உவங்கள் சிரிக்க மாட்டாங்களே?" என்று தலைவர் கேட்டார்.

வீழ்ச்சியை விஞ்ஞான ரீதியாக நிறுவுவதற்கு எறிதல் அவசியமாயிற்று. அதுவரை சனிக்கிழமைகளில் மாத்திரம் எறிந்துவந்த நீக்கிலாஸ், இனி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, பிஞ்ச் வீதியோரப் பூங்காவில் குழுவின் முன்னிலையில் எறிய வேண்டும் எனப் பணிக்கப்பட்டார். பொலிஸார் கார்களை மறித்துப் பிடிப்பதற்குப் பயன்படுத்தும் வேகமானி போன்ற ஒன்றைக் குலசிங்கம் வாங்கி வந்தார். அவ்வருடம் புள்ளிவிபரம் எல்லாவிடத்தும் மதிப்புப் பெற்றிருந்தது. முதற்கோடையில் வேகமானி இல்லாதபடியால் அப்போதைய எறிதல்கள் சட்டப்படி நிகழாதவை எனக் கொள்ளப்பட்டன.

ஒரு மாலை நீக்கிலாசின் மனைவி செலீன் பூங்காவுக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, இவர் கையைக் கொஞ்ச நாளைக்கு அசைக்கவே கூடாதெண்டு டொக்ரர் சொல்லிப்போட்டார்."

"டொக்ரர் எந்த ஊர்?" என்று தலைவர் கேட்டார்.

"சீனாக்காரர்."

"இவர் எறியிறதைப் பாத்தவரோ?"

"தோளைப் பாத்தவர்."

"தோளைப் பாக்கிறது வேறை, வீழ்ச்சியைப் பாக்கிறது வேறை, பிள்ளை."

"காலமை இவருக்குச் சேட்டுப் பொத்தான் பூட்டிவிடுறது நான், அண்ணை! வேலையிலை சுப்பவைசர் பாத்துக்கொண்டு நிக்கிறான், எப்ப பெட்டியைக் கீழை போடுவார், எப்ப வீட்டை கலைப்பம் எண்டு. கை போனால் உங்கடை குழு வந்து எங்கடை வாடகையைக் கட்டுமே?"

குலசிங்கம் இதனை "உணர்ச்சிவசப்பட்ட சாட்சியம்" என்னும் தலைப்பின் கீழ்ப் பதிவு செய்தார்.

எறிய எறிய வேகம் குறைந்தது. வேகம் குறையக் குறைய மேலும் சான்றுகள் தேவைப்பட்டன. வரைபடத்தில் கோடு படியிறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே வந்தது. முடிவு ஏறத்தாழ எட்டப்பட்டுவிட்டது என்றிருந்த கடைசி மாலையில், நீக்கிலாஸ் கையைப் பின்னே கொண்டுபோய் வலி தாங்காமல் நின்ற வேளையில், வேகமானி அக்கோடையிலேயே ஆகக்கூடிய வேகத்தைக் காட்டிற்று.

"பாத்தியளே! எழும்பீட்டான்!" என்று தலைவர் குதித்தார்.

"அண்ணை, அது பின்னாலை போன பிஞ்ச் பஸ்."

"நீர் எறியேக்கைதானே காட்டினது?"

"நான் எறியேல்லை அண்ணை. இந்தா, பந்து என்ரை கையிலை இருக்கு."

குலசிங்கம் பந்தைப் பார்த்தார். பின்னர் தாம் எழுதியதைப் பார்த்தார். "எழுதியாச்சு, தம்பி. இனி வெட்டினால் கணக்காய்வாளர் கேப்பார்."

அறிக்கை வெளியாயிற்று: பந்தெறிவாளர் நீக்கிலாஸ் வீழ்ச்சியடையவில்லை, அண்மைக் காலத்தில் குறிப்பிடத்தக்க எழுச்சியும் தென்படுகிறது.

எழுச்சியுற்ற நீக்கிலாசை மிசிசாகாவினர் அடித்த அடியில் எங்கள் பந்துகள் யாவும் தொலைந்து, அவர்களுடைய பந்துகளையே இரவல் வாங்க நேர்ந்தது. இரவல் பந்தையும் அவரே எறிந்தார். எறிந்தவர் தோளைப் பொத்திக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார். தோல்விக்கு எதிரணியினரின் மிதமிஞ்சிய திறமையே காரணம் என்று குழு பின்னிணைப்பு ஒன்றை வெளியிட்டது.

அடுத்த திங்கட்கிழமை பிறம்ரன் சுப்பவைசர் அவரை ஒரு பெட்டியைத் தூக்கச் சொன்னார். யாப்போ வேகமானியோ இல்லாத அந்த மனிதர், கணப்பொழுதில் வீழ்ச்சியைக் கண்டறிந்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மார்கழிப் பொதுக்கூட்டம் இராப்போசனத்துடன் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடைபெற்றது. நீக்கிலாசின் விலகல் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவில்லை. வீழ்ச்சியடையாத ஒருவர் விலகுவதற்கு முகாந்திரம் இல்லை எனக் குழு கருதியிருந்தது. அதற்குப் பதிலாக அவருக்கு "தளராத் தோளர்" என்ற பட்டமும் பித்தளைக் கேடயமும் வழங்க ஏற்பாடாகியிருந்தது. தலைவர் கேடயத்தை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார். நீக்கிலாஸ் நன்றி சொல்லி, அதனை இடக்கையால் வாங்கினார்.

இடியப்பத் தட்டுகள் அந்தரத்தில் நின்றன.

"இடக்கையாலையோ வாங்கிறீர்?" என்றார் தலைவர்.

"மற்றக் கை வருகுதில்லை அண்ணை."

"எல்லாருக்கும் ஒவ்வொரு சாட்டு!" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. "இஞ்சை வந்த உடனை பண்பாடு போட்டுது!" என்றது இன்னொரு குரல். செலீன் எழுந்து ஏதோ சொன்னார். ஒலிவாங்கி அவரிடம் இருக்கவில்லை.

வீழ்ச்சி அந்த நொடியே அனைவருக்கும் தெளிவாயிற்று. இதற்குக் குழு தேவைப்படவில்லை, மருத்துவரும் தேவைப்படவில்லை. பெரியோர் முன்னிலையில் மரியாதை தவறியமைக்காக நீக்கிலாசை அணியிலிருந்து நீக்கும் தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிந்தார். நீக்கிலாஸ் கோடை முழுவதும் மன்றாடிக் கேட்ட விடுதலை அதுவே என்பதை எவரும் நினைவூட்டவில்லை.

"ஆதரிக்கிறவை கையை உயத்துங்கோ."

மண்டபம் முழுவதும் கைகள் உயர்ந்தன. எங்களில் எவருக்கும் அதில் சிரமம் இருக்கவில்லை. ஒருவர் மட்டும், இடக்கையில் கேடயத்தை ஏந்தியபடி, வலக்கையை உயர்த்த முயன்று, முயன்று, முடியாமல் நின்றார்.

குலசிங்கம் நேர்மையான செயலாளர். உள்ளதை உள்ளபடியே எழுதினார்: எதிர்த்தவர், ஒருவர்.