மீசை இல்லாத மீசை

மீசையின் இடது பக்கம் ஒரு நூல் அளவு கூடுதலாகத் தெரிந்தது. அதைக் கத்தரித்ததும் வலது பக்கம் கூடிப்போனது. அதையும் கத்தரித்தார். மறுபடி இடது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தபோது கண்ணாடியில் மீசையே இல்லாமல் யாரோ ஒரு ஆள் முழித்துக்கொண்டு நின்றான்.

கிடங்கில் அவரை எல்லோரும் கூப்பிடுவதே மீசை என்றுதான். இன்று புது மேஸ்திரி யார் என்று சூப்பர்வைசர் சொல்லப்போகிறார். மூட்டை தூக்கித் தூக்கி ஓய்ந்த முதுகு அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அவர் கையால் மேலுதட்டை மறைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. மொகம் தெரியுது."

"மொகத்த யாருடி கேட்டா? இந்த மூஞ்சி சொன்னா எவன் கேப்பான்னு சூப்பர்வைசர் நெனைக்க மாட்டாரா?"

"இத்தன நாளா மூட்டைய மீசையா தூக்குச்சு?"

அவளுடைய புருவப் பென்சிலை எடுத்து மீசை வரைந்துகொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது.

கிடங்குக்கு அன்று வந்ததோ மைதா லோடு. நாலு நடை நடப்பதற்குள் மாவு படிந்து மீசை நரைத்துவிட்டது. துண்டால் துடைத்தார். நரை போனது, கறுப்பும் பாதி தாடைக்கு இறங்கியது. துண்டை முகத்தோடு சுற்றிக் கட்டிக்கொண்டு, பல்வலி என்றார். கூட வேலை செய்தவன் பாசக்காரன். ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டான். சாப்பாட்டு நேரத்தில் ரூமுக்கு வரட்டும், எந்தப் பல் என்று நானே பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

மீசை கேன்டீனுக்கு ஓடினார். கேன்டீன் அக்காவைப் பெற்றவர்கள் பையன் என்றுதான் பள்ளியில் சேர்த்தார்கள். அவர் அக்காவாகவே வளர்ந்து நின்றார். துண்டை அவிழ்த்துப் பார்த்த அக்கா பெருமூச்சு விட்டார்.

"இது மொளைக்கக் கூடாதுன்னு நான் எத்தன வருசம் அழுதிருக்கேன். நீ என்னடான்னா வரைஞ்சிக்கிட்டு வந்து நிக்கற."

"கிண்டல அப்புறம் வச்சுக்கக்கா. இது இல்லன்னா நான் ஆம்பளையாவே தெரிய மாட்டேன்."

"அது இருந்தப்பவே என்னை ஆம்பளையாக்க முடியல," என்றபடி அக்கா பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தார். அடியில் பவுடர் பூசி, மேலே அழுத்தி வரைந்து, மூச்சுகூடப் பலமாக விடாதே என்று அனுப்பினார்.

சூப்பர்வைசருக்கு மார்பைத் தொடும் தாடி. ஷட்டர் இறங்குவது போல ஒரு குரல். ஆம்பளை என்றால் இவர்தான் ஆம்பளை என்று கிடங்கே பேசிக்கொள்ளும். அவர் அறையில் ஃபேன் ஓடவில்லை. மீசைக்கு முதலில் நெற்றி வேர்த்தது. பிறகு மூக்கு. கடைசியில் ஒரு கறுப்புச் சொட்டு மேஜைமேல் விழுந்தது.

சூப்பர்வைசர் சொட்டைப் பார்த்தார். எதிரே நின்றவரைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். போச்சு, முதுகு போச்சு என்று நினைத்துக்கொண்டார் மீசை.

ஒரு கைக்குட்டை நீண்டது.

"தொடச்சிக்கோ. நாளையிலிருந்து நீதான் மேஸ்திரி. அடுத்தவனுக்கு முடியலன்னா அவன் மூட்டைய வாங்கித் தூக்கறவன் இங்க நீ ஒருத்தன்தான்."

"சார், இந்த மீசை..."

சூப்பர்வைசர் தாடியைத் தடவிக்கொண்டார். குரல் தணிந்தது.

"அந்தப் பென்சில் வேர்வைக்கு நிக்காதுப்பா. எனக்கு நெசமா மொளைக்கற வரைக்கும், வீட்ல என்னைப் பொண்ணுன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்த காலத்துல, நானும் அதுலதான் வரைஞ்சேன்."