முழுசாப் படித்தவர்

சுந்தர்ராஜ் இல்லாத காய்ச்சலோடு போர்வைக்குள் படுத்திருந்தார். வயிற்றின் மேல் எழுநூறு பக்கக் ‘கரைமேட்டுக் கல்யாணி’ நாவல். முன்னுரையைத் தள்ளிவிட்டு நேரே கதைக்குள் இறங்கியும் நாற்பதாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

பெண் பார்க்கப் போன அன்று இன்பம் கேட்ட ஒரே கேள்வி, “கரைமேட்டுக் கல்யாணி படிச்சிருக்கீங்களா?”

“முழுசா. ரெண்டு தடவை.”

அதில்தான் இன்பம் மயங்கினாள். அவர் படித்திருந்ததோ அதே பெயரில் தொண்ணூற்றாறே பக்கமுள்ள ஒரு சின்னப் புத்தகம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலின் கனம் பார்த்து எடுப்பதும் கழிப்பதும் அவர் வேலை. மெல்லிசாக இருந்தால் அது சுருக்கம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பொய் அவரைக் கூச வைத்தது.

இப்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் வாசகர் வட்டக் கூட்டம். தலைப்பு, ‘முழு நாவலும் சுருக்கமும்’. முழுசைப் பற்றிப் பேச இன்பமே பெருமையாக அவர் பெயரைக் கொடுத்துவிட்டாள். படித்து முடிக்க லீவு வேண்டும். லீவுக்குக் காய்ச்சல் வேண்டும். கட்டியவள் நர்ஸ் என்பதை அவசரத்தில் மறந்துபோனார்.

“டெம்பரேச்சர் நார்மலா இருக்குதே?”

“உள்காய்ச்சல்.”

“அப்ப ஊசிதான்.”

ஊசிக்குப் பிறகு உட்கார்ந்து படிக்கவும் வழியில்லை. கம்பெனி நண்பர் இஷ்தியாக் அகமதுவுக்கு போன் போட்டுக் கதை கேட்டார். இஷ்தியாக் பார்த்தது டிவி சீரியல்.

அவர் சொன்னதைக் கேட்டு எழுதி வைத்த குறிப்பு இன்பத்தின் கண்ணில் பட்டது. “கல்யாணிக்கு ரெட்டைப் பொறவியா? இன்னா இது?”

“முழுசுல இருக்குதே. நீ படிக்கல?”

இன்பம் ஒரு நிமிஷம் யோசித்தாள். “ஆமா, மறந்தே போய்ட்டேன். அதையே ஜாஸ்தியாப் பேசுங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. முதலில் ரிட்டயர்டு வாத்தியார் டேனியல் எழுந்தார். “சுருக்கத்த நான் கையால தொட்டதில்ல. தொடவும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, அதிலுள்ள குறைகளை அரை மணி நேரம் அடுக்கினார். “நாங்களும் தொட்டதில்ல” என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இன்பமும்தான்.

சுந்தர்ராஜ் எழுந்தார். முன்வரிசையில் இன்பம் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமை பொங்கும் முகத்தைப் பார்த்ததும் இரட்டைப் பிறவி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“நான் முழுசைப் படிக்கல” என்றார். “படிச்சது அந்தத் தொண்ணூத்தாறு பக்கம்தான். இருபத்திரண்டு வருஷமா இவகிட்ட பொய் சொல்லிட்டிருக்கேன்.”

இன்பம் போனை மெல்ல இறக்கினாள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவமானத்தில் சுந்தர்ராஜுக்குக் காது சுட்டது. இப்போது வைத்துப் பார்த்திருந்தால் தெர்மாமீட்டரே ஏறியிருக்கும்.

இரண்டு புத்தகத்தையும் கொண்டு வந்திருந்த நூலகர் வஹீதா, குண்டுப் புத்தகத்தின் முன்னுரையைப் பிரித்துக் காட்டினாள்.

“சார், அந்த ஆசிரியர் எழுதினதே தொண்ணூத்தாறு பக்கம்தான், மிச்சமெல்லாம் அவர் செத்தப்புறம் மருமகன் சேத்தது, அதனால இந்த ஹால்ல கல்யாணிய முழுசாப் படிச்சவரு நீங்க ஒருத்தர்தான்.”