சம்பந்தம் பேசப் போன எஃகு மயில்

விருதுநகர்,
10-9-1964

அன்புமிக்க அண்ணன் சங்கையா அவர்களுக்கு, தங்கை பஞ்சம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் முத்துப்பேச்சியும் சுகம். உங்கள் மச்சான் சுகமா இல்லையா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கன்குடி மாரி துணையிருப்பாள்.

இந்த ஊரில் எந்த வியாபாரி வீடு கட்டினாலும் உள்ளே சுவருக்கு என்ன வர்ணம், சன்னலுக்கு என்ன திரை, நிலைக்கண்ணாடி எந்த மூலையில் என்று அலங்கரித்துக் கொடுத்துக் கௌரவமாய்ப் பிழைத்த மனுஷர், ஐம்பத்தெட்டு வயதில், போன சித்திரையில் லாரிப் பட்டறைப் பக்கம் போனவர், வெல்டிங் வைக்கிறதை நின்று பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், புத்தி அங்கேயே ஒட்டிக்கொண்டது. "இத்தன நாளும் அடுத்தவுக வீட்டுக்கு அவுக சொன்ன கலரைத்தானே பூசினேன் பஞ்சம்மா, எனக்குன்னு ஒண்ணு செய்ய வேண்டாமா?" என்கிறார். கொல்லையில் பட்டறை போட்டாயிற்று. லாரிப் பட்டை, சைக்கிள் செயின், பல்சக்கரம் எல்லாம் சேர்ந்து ஆள் உயரத்துக்கு ஒரு மயில். கொடியில் காயப்போட்ட என் சேலையெல்லாம் பொறி பட்டு ஓட்டை. போன தீபாவளிக்கு நீங்கள் ஆசையாய் வாங்கித் தந்த எவர்சில்வர் தாம்பாளம் எங்கே என்று மதினி கேட்டால், மயிலுக்கு நெஞ்சாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அதோடு விட்டாரா? நம் முத்துப்பேச்சியைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கிற சிவகாசி தங்கச்சாமி அண்ணாச்சி, "கம்பெனியில புது ஆபீஸ் ரூம் கட்டியிருக்கேன், உள்ள அலங்காரம் பண்ணித் தாங்க, அன்னைக்கே நாளும் குறிச்சிருவோம்" என்று சொல்லியிருந்தார். வேறு ஆளாய் இருந்தால் திரைச்சீலை கொண்டுபோவான். இவர் மாட்டுவண்டியில் மயிலை ஏற்றி, பக்கத்தில் தாம்பூலத் தட்டோடு என்னையும் ஏற்றிவிட்டார். அது பட்டாசுக் கம்பெனி அண்ணே! கொண்டை ஊசியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டுதான் பெண்களை உள்ளே விடுகிறார்கள். இந்தச் சீமையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இவருக்கு மறந்துபோச்சு. வாட்ச்மேன் நாகையாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணாச்சி, இரும்பு உள்ள போகக் கூடாதுல்லா!"

"ஏலே, இது இரும்பு இல்ல, எஃகு!"

"எஃகுன்னா இன்னும் நல்லாப் பொறி பறக்குமே அண்ணாச்சி!"

சத்தம் கேட்டு, தீபாவளி சீசன் நேரத்தில் கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்த பெண்களெல்லாம் போட்டது போட்டபடி வெளியே ஓடிவந்துவிட்டார்கள். தங்கச்சாமி அண்ணாச்சி வந்து, வண்டியைத் தூரத்து வேப்பமரத்தடிக்கு ஓட்டச் சொன்னார். மயிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சீசன் முடியட்டும் தங்கச்சி, நாளு குறிக்கிறதப் பிறகு பாப்போம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முத்துப்பேச்சி ராத்திரி சாப்பிடவில்லை.

நீங்கள் உடனே பஸ் ஏறி வந்து, நாலு வார்த்தை கடிந்து பேசி, அந்தச் சாமான்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, மனுஷரைத் திரும்பத் திரைச்சீலைக்கே திருப்பி விட வேண்டும். நீங்க சொன்னா அவுக தட்டமாட்டாக. பெண் கல்யாணம் உங்கள் கையில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு என் கும்பிடும், சிறுசுகளுக்கு என் முத்தமும்.

உங்கள் தங்கை,
பஞ்சம்மாள்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலையில் உங்கள் மச்சான் தானாகவே வெல்டிங் சாமான்களைச் சாக்கில் கட்டிவிட்டு, "பிள்ள வாழ்க்கைதான் முக்கியம். அந்த ஆபீசுக்குப் பச்சைத் திரை எடுப்பா இருக்கும்" என்று சொல்லித் துணிகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால பாக்க முடியல அண்ணே. சாக்கை நானே அவிழ்த்துவிட்டேன். கம்பெனிக்குத் திரை வரும், சம்பந்தி வீட்டு முற்றத்துக்கு மயில் வரும், மயில் வேண்டாமென்றால் பெண்ணும் வர மாட்டாள் என்று சிவகாசிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். முத்துப்பேச்சியும் "அப்படியே சொல்லும்மா" என்றுவிட்டாள். புத்தி சொல்ல வர வேண்டாம். சும்மா வருவதானால், வெல்டிங்குக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி இன்னொன்று மதுரையில் வாங்கிவாருங்கள். இப்ப ஒரு பொட்டை மயில் ஆரம்பிச்சிருக்காக. அதுக்கு நாந்தான் காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், கண்ணு கூசுது.